65 அங்குலத் தொலைக்காட்சி: மேற்கு பார்த்த ஹாலுக்கு ஓஎல்இடியா, மினி எல்இடியா?

தாம்பரவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஹால் மேற்கு பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்குமேல் சன்னல் வழியே வரும் வெயில், தொலைக்காட்சி மாட்டவிருக்கும் எதிர்ச் சுவரிலேயே விழுகிறது. சோபாவுக்கும் அந்தச் சுவருக்கும் ஒன்பது அடி இடைவெளி. மகன் மாலையில் பிளேஸ்டேஷன் 5இல் கால்பந்து ஆடுவான். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நானும் மனைவியும் படம் பார்ப்போம். பகலில் என் தந்தையார் செய்தி சேனல் பார்ப்பார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்த பிறகுதான் இந்த அளவைப் பற்றி நினைக்கவே துணிந்தேன். ஓஎல்இடி, மினி எல்இடி இரண்டில் எதை வாங்கலாம் என்று காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

இருள்விரும்பி

ஓஎல்இடி வாங்குங்கள் ஐயா. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஓஎல்இடியில் அவை ஒவ்வொன்றும் தானே ஒளிர்வதால், கருப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி முழுவதுமாக அணைந்துவிடுகிறது. மினி எல்இடியிலோ திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குகள் சில நூறு அல்லது சில ஆயிரம் பகுதிகளாகவே கூடவும் குறையவும் முடியும் என்பதால், இருண்ட காட்சியில் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வந்தால் அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒளி கசியும். விளக்கணைத்துப் படம் பார்க்கும் உங்களுக்கு இது ஒவ்வொரு இரவும் கண்ணில் படும். ஆட்டத்துக்கும் இதுவே மேல். ஓஎல்இடி புள்ளி நிறம் மாற ஒரு மில்லி நொடிகூட ஆவதில்லை. எனவே வேகமாக ஓடும் பந்துக்குப் பின்னால் நிழல் இழுபடாது.

பகல்வெளிச்சம்

இருள்விரும்பி சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவை இரவு பத்து மணிக்கு மட்டுமே உண்மை. கேட்டவர் வீட்டில் தொலைக்காட்சி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி பகல்தான். சுவரில் வெயில் விழும் ஹாலில் கருப்பின் ஆழத்தைவிடத் திரையின் வெளிச்சமே முதலில் வேண்டும். ஓஎல்இடி ஒரு சிறு மூலையை மிகப் பிரகாசமாகக் காட்டும். ஆனால் திரை முழுவதும் வெளிச்சமாக இருக்கும் காட்சி வந்தால், மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுக்குள் வைக்கத் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பட்டப்பகலில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தின் மைதானம் அப்படிப்பட்ட காட்சிதான். நல்ல மினி எல்இடி அங்கே தளர்வதில்லை.

இன்னொன்று, அளவு. ஓஎல்இடியில் 65 வாங்கும் பணத்துக்கு மினி எல்இடியில் 75 கிடைக்கிறது. ஒன்பது அடியிலிருந்து பார்த்தால் 65 அங்குலத் திரை பார்வையில் ஏறத்தாழ 30 பாகையை நிறைக்கும். 75 அங்குலமோ 34 பாகையை நெருங்கும். திரையரங்க உணர்வுக்கு 40 பாகை வரை போகலாம் என்று கருதுவோர் உண்டு. படம் பார்ப்பதில் இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் உணர்வார்கள்; ஒளிக்கசிவைத் தேடிப் பார்ப்பவர் மட்டுமே உணர்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தி சேனல். சேனலின் சின்னமும் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையும் பகல் முழுவதும் ஒரே இடத்தில் நின்றால், ஓஎல்இடியின் அந்தப் பகுதிப் புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து நிரந்தரத் தடம் விழும். என் அண்ணன் வீட்டில் மூன்றே ஆண்டுகளில் அப்படி ஆனது. இப்போது படத்தில் நீல வானம் வந்தால் அதன் குறுக்கே பட்டையின் நிழல் தெரிகிறது.

இருள்விரும்பி

தங்கள் அண்ணன் வீட்டில் நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவர்கள் இரவில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார்களா? நம் வீடுகளில் மிக்ஸி முதல் தொலைக்காட்சி வரை ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பதுதான் வழக்கம். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கமும்கூட. ஓஎல்இடிக்கு மட்டும் அது கேடு. சில மணி நேரம் ஓடியபின் ரிமோட்டில் அணைத்தால், ஸ்டாண்ட்பை நிலையில் பேனல் தன் புள்ளிகளைச் சோதித்து, தேய்மானத்தின் வேறுபாட்டைச் சமன் செய்துகொள்ளும். சுவரிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பணி நடப்பதே இல்லை. இதை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது பெரும் குறை.

பகல்வெளிச்சம்

ஆம், அணைத்துவிடுவார்கள். இதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் இன்றுதான் அறிகிறேன். இருந்தாலும் அந்தச் சமன்படுத்தல் தேய்மானத்தைப் பரவலாக்குமே தவிர, தேய்ந்ததைத் திருப்பித் தராது. நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒரே சேனல் என்றால் என் கருத்தில் மாற்றமில்லை.

கோவைமின்வினைஞர்

இருவரும் பேனலைப் பற்றியே பேசுகிறீர்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 120 சட்டங்களை (ஃபிரேம்களை) 4கேயில் அனுப்ப எச்டிஎம்ஐ 2.1 வகைத் துளை வேண்டும். பழைய 2.0 துளையின் 18 ஜிகாபிட் வேகம் 60 சட்டங்களுக்கே போதும். பல மாடல்களில் நான்கு துளைகளில் இரண்டே 2.1 வகை; அவற்றுள் ஒன்றுதான் சவுண்ட்பாருக்கான இஆர்க் துளையாகவும் இருக்கும். சவுண்ட்பாரையும் மாட்டினால் மிஞ்சுவது ஒன்று. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 120 என்ற எண்ணையும் நம்பிவிடாதீர்கள். பேனல் 60 ஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றுவதாக, இருந்துகொண்டே அசைவைச் சீராக்கும் வசதிக்கு அந்த எண்ணைப் போடுவது உண்டு. உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனல் படத்துக்கும் நல்லது. படத்தின் 24 சட்டங்கள் 120இல் ஐந்தைந்தாகச் சரியாகப் பொருந்தும். 60இல் பொருந்தாமல், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சி விட்டுவிட்டு நகரும்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்கு ஏற்ப அமைக்கும் எச்டிஆர் முறையான டால்பி விஷனைப் பற்றியும் ஒரு சொல். பிளேஸ்டேஷன் 5 அதை அனுப்புவதில்லை என்பதால் ஆட்டத்துக்கு அது பொருட்டல்ல. ஓடிடியில் படம் பார்ப்பவர் மட்டும் அதைக் கணக்கில் கொள்ளலாம். சாம்சங் தொலைக்காட்சிகளில் அது இதுவரை இல்லை, அதையொத்த எச்டிஆர்10 பிளஸ் உண்டு.

இருள்விரும்பி

ஒரு வழி தோன்றுகிறது. வீட்டில் பழைய தொலைக்காட்சி இருக்குமானால், அதைத் தங்கள் தந்தையாரின் அறையில் மாட்டிக் கொடுத்துவிட்டு, ஹாலில் ஓஎல்இடியை வைக்கலாமே?

தாம்பரவாசி

அதை நானும் யோசித்தேன் நண்பரே. பழைய 43 அங்குலம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அப்பா செய்திக்காக மட்டும் ஹாலில் உட்காருவதில்லை. பள்ளி விட்டு வரும் பேரனையும், காய்கறி கொண்டுவரும் அம்மாவையும், வாசலில் போகிறவர் வருகிறவரையும் பார்த்துக்கொண்டே செய்தி கேட்பார். அவரை அறைக்குள் அனுப்பிவிட்டுத் திரையைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. ஆகவே மினி எல்இடி என்று முடிவு செய்கிறேன். 75 அங்குலம் சுவரில் அடங்குமா என்று நாளிதழ்த் தாளை ஒட்டிப் பார்த்தோம், அடங்குகிறது.

இருள்விரும்பி

அந்தக் காரணத்துக்கு முன் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆயினும் எல்லா மினி எல்இடியும் ஒன்றல்ல. கடையில் கண்ணைப் பறிக்கும் விவிட் அமைப்பை மாற்றச் சொல்லி, திரைப்பட அமைப்பில் வைத்து, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் காட்சியைப் பாருங்கள். பிறகு சோபாவின் ஓரத்தில் அமர்வதைப் போலப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். விஏ எனப்படும் எல்சிடி வகைப் பேனல்களில் நேரே தெரியும் கருப்பு அங்கிருந்து வெளுத்துப்போகும். கேம் மோடில் வைத்தும் அதே காட்சியைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் சில மாடல்களில் அந்த மோடுக்குப் போனவுடன் பின்விளக்கின் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது.

தாம்பரவாசி

மிக்க நன்றி. சப்டைட்டிலுடன் ஓர் இரவுக் காட்சியைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஓர இருக்கை எப்போதும் அப்பாவுடையது என்பதால், பக்கவாட்டில் நின்று பார்க்க அவரையே அழைத்துச் செல்கிறேன்.