அப்பாவின் கையை விடாத காவலர்

நான்: எல்லோருக்கும் வணக்கம். அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார், நலமாக இருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று பிற்பகல் பேருந்துக்குக் காத்திருந்தபோது அவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது. சட்டை வியர்வையில் நனைந்து, கைகள் நடுங்கி, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நடைபாதையிலேயே சரிந்து உட்கார்ந்திருக்கிறார். குடித்திருக்கிறார் என்று எண்ணிப் பலரும் விலகிப் போயிருக்கிறார்கள். சாலைச் சந்திப்பில் பணியில் இருந்த ஒரு பெண் காவலர்தான் அருகில் வந்து, சீருடையோடு தரையில் உட்கார்ந்து, "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

பெரியக்கா: படித்ததும் கண் கலங்கிவிட்டது. அப்பா பதில் சொன்னாரா?

நான்: தலையை மட்டும் அசைத்திருக்கிறார். அந்தக் காவலர் தண்ணீர் ஒரு மிடறு கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்த பிறகே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறார். நான் போய்ச் சேரும்வரை அப்பாவின் கையை அவர் விடவில்லை.

அத்தை: செவிலியராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்தப் பெண் செய்தது அத்தனையும் சரி. மூளை பெரும்பாலும் குளுக்கோஸை நம்பியே இயங்குகிறது; அது குறையும்போது நாக்குக் குழறும், நடை தள்ளாடும், சிலருக்குக் காரணமில்லாமல் கோபம்கூட வரும். பார்ப்பவர்களுக்குப் போதை போலத் தோன்றுவது அதனால்தான். இரத்தச் சர்க்கரை அளவு ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். விழுங்குகிறாரா என்று அவர் முதலில் பார்த்தாரே, அதைத்தான் பதற்றத்தில் பலரும் மறந்துவிடுவார்கள்.

சித்தப்பா: காவல் பணியில் இருப்பவருக்கு இவ்வளவு நிதானம் எப்படி வந்தது?

நான்: நானும் கேட்டேன், சித்தப்பா. பணியில் சேர்ந்த புதிதில் இதேபோல் தள்ளாடி வந்த ஒரு முதியவரைக் குடிகாரர் என்று நினைத்துக் கடிந்து பேசிவிட்டாராம். பிறகுதான் அவர் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தவர் என்று தெரிந்ததாம். அன்றிலிருந்து யார் தள்ளாடினாலும் முதலில் அருகில் போய்க் கேட்டுவிடுவதாகச் சொன்னார். தன் தவறை முன்பின் தெரியாத என்னிடம் இப்படி மறைக்காமல் சொன்னதுதான், அவர் செய்த உதவியைவிட ஒருவகையில் என்னை அதிகமாக அசைத்தது.

தம்பி: அப்பாவுக்கு ஏன் தாழ்ந்தது, அண்ணா?

நான்: காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, வேலை முடிந்து சாப்பிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். வேலை பிற்பகல்வரை இழுத்துவிட்டது.

அத்தை: அவர் போடும் வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து மீண்டும் தாழக்கூடும் என்பதால், இன்றிரவு யாராவது விழித்திருந்து சோதித்துப் பாருங்கள். மருத்துவரிடம் இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், மாத்திரை அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்: சொல்லிவிட்டேன், அத்தை. இரவு நான் அவருடனே இருக்கிறேன். நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் நம் எண்களையும் எழுதிய அட்டை ஒன்றை அவருடைய சட்டைப்பையில் வைக்கவும் போகிறேன். இத்தனை ஆண்டுகளாக அதைச் செய்யாமல் விட்டது நம் எல்லோருடைய கவனக்குறைவுதான்.

அப்பா: பிள்ளைகளே, எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள். அந்தப் பெண் பேசிய எதுவும் எனக்குத் தெளிவாக நினைவில்லை. "ஐயா" என்று கூப்பிட்டதும், கையை அழுத்திப் பிடித்திருந்ததும் மட்டும் நினைவிருக்கின்றன. நாளைக் காலை அவர் பணிக்கு வரும் நேரத்தில் அங்கே போய் நன்றி சொல்ல வேண்டும். என்னுடன் யார் வருகிறீர்கள்?

தம்பி: நான் வருகிறேன், அப்பா. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம்.