டிரைபாயிண்டுக்குத் தமிழ்: ‘உலர்முனை’யா, ‘பிசிறுக்கீறலா’?

வணக்கம்.

செம்புத் தகட்டில் கூர் ஊசியால் நேரடியாகக் கீறி, மை பூசிப் படம் அச்செடுக்கும் முறைதான் டிரைபாயிண்ட் (drypoint). அதற்கு நம் அகராதிக்கான கலைச்சொல் பட்டியலில் ‘உலர்முனைச் செதுக்கல்’ என்று உள்ளது. இரண்டு பாதியும் பொருந்தவில்லை. தகட்டை அமிலத்தால் அரிக்கும் முறைபோல் அல்லாமல் இதில் அமிலம் படாததால் ‘உலர்’ என்றால், பியூரின் (burin) என்னும் கூர் உளியால் தகட்டைச் செதுக்கும் வேலையும் அமிலம் படாததே. ‘செதுக்கல்’ என்றால் உலோகம் வெளியேற வேண்டும். பியூரினைத் தள்ளும்போது செம்பு சுருளாகக் கழன்று வரும். கோட்டின் ஓரத்தில் எழும் செம்பையும் சுரண்டியால் வழித்துவிடுவார்கள். டச்சுக் கலைஞர் கோல்ட்சியசின் ‘ஃபர்னேசே ஹெர்குலிஸ்’ அச்சுப்படத்தில், ஹெர்குலிசின் முதுகில் கோடு கூராகத் தொடங்கி, தசை புடைக்கும் இடத்தில் பருத்து, மறுபடி மெலிவது அப்படித்தான்.

டிரைபாயிண்ட் ஊசியோ செம்பை எடுப்பதில்லை. ஏர் மண்ணைப் புரட்டுவதுபோல் ஒதுக்குகிறது. செங்குத்தாகப் பிடித்தால் கோட்டின் இருபுறமும் வரப்பு எழும், சாய்த்தால் ஒருபுறம். மை அந்த வரப்பில் தங்குவதால்தான் கோடு வெல்வெட்டுபோலக் கசிந்து கறுக்கிறது. லேத் பட்டறையில் இந்த விளிம்புக்குப் பெயர் பிசிறு. ஆகவே ‘பிசிறுக்கீறல்’ என்கிறேன்.

—

ஐயா, ‘கீறல்’ சரி. ஆனால் ‘பிசிறில்லாத குரல்’ என்றுதானே பாராட்டுகிறோம்? பிசிறு குறையைக் குறிக்கும் சொல். மேலும், துணியால் மை துடைப்பதிலும் அச்சுப்பொறியின் அழுத்தத்திலும் அது சில டஜன் படிகளுக்குள் மடங்கிவிடும். பிறகு எடுக்கும் வெளிறிய படிக்கும் இதே பெயரா?

—

இதே பெயர்தான், பெயர் செய்முறைக்கு உரியது. அந்தப் படியைப் ‘பிசிறு தேய்ந்த படி’ எனலாம். படியைத் தரம் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தானே! ரெம்பிராண்ட் ‘ஜூபிட்டரும் ஆன்டியோப்பேயும்’ படத்தில் (1659) அமிலம் அரித்த கோடுகளோடு ஊசியையும் பியூரினையும் சேர்த்தே பயன்படுத்தினார். மூன்றையும் ‘செதுக்கல்’ என்றால் எந்தக் கோடு எதனால் வந்தது என்று தமிழில் சொல்லவே முடியாது.

குரலில் குறையாவது இங்கே அழகு. மெசோடின்ட் (mezzotint) என்னும் தகட்டு அச்சு முறையையும் பாருங்கள்: 1642இல் லுட்விக் ஃபான் சீகன் தொடங்கிய முறை. பிற்பாடு ராக்கர் என்னும் பல்லுள்ள கருவியால் தகடு முழுக்கப் பிசிறு எழுப்பி, வெளிச்சம் வேண்டிய இடங்களை வழித்து மெருகேற்றினார்கள். அதற்குப் ‘பிசிறுப்பரப்பு’ என்றால் இரண்டின் உறவும் சொல்லிலேயே விளங்கும்.

—

பிசிறுப்பரப்பு என்னை இணங்க வைத்துவிட்டது. அகராதிப் பதிவில் ‘உலர்முனை’யைப் பழைய வழக்காகக் குறித்து வைப்போம். அமில முறைக்கு ‘அரிகோடு’ பொருந்துமா?