கலைச்சொல் உதவி: செக்ஸுவல் டிஸ்ஃபங்ஷன்

வணக்கம். நீரிழிவுக்காரர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். கண், பாதம், சிறுநீரகம் எல்லாம் முடிந்தது. ‘செக்ஸுவல் டிஸ்ஃபங்ஷன்’ அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ‘பாலியல் செயலிழப்பு’ என்று ஒரு சொல் புழங்குகிறது. தெரிந்தவர்களைக் கேட்டால் ‘ஆண்மைக்குறைவுதானே’ என்கிறார்கள். ஆனால் அத்தியாயத்தில் பாதி பெண்களைப் பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, சொல் கொடுங்கள்.
– மொழிபெயர்ப்பாளர், லாஸ்பேட்டை

தம்பி,

> ‘ஆண்மைக்குறைவுதானே’ என்கிறார்கள்

அது வேண்டவே வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டி ஒட்டிக் கெடுத்த சொல் அது. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டி மட்டும் கிழிந்தபாடில்லை. அதோடு, குழந்தை இல்லாமையையும் இந்தச் சொல்லுக்குள்ளேயே போட்டுக் குழப்புகிறார்கள். விந்தணு குறைந்தவருக்கு விறைப்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். மூன்று பிள்ளை பெற்றவருக்கு விறைப்பு நிற்காமல் போகலாம்.

‘செயலிழப்பு’ என்றால் சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் என்று மனம் ஓடும். இங்கே பெரும்பாலும் எதுவும் அடியோடு நின்றுபோவதில்லை. ‘குறைபாடு’ என்றால் இரும்புச்சத்துக் குறைபாடு மாதிரி ஏதோ ஒன்று குறைகிறது, ஊற்றி நிரப்பலாம் என்று நினைத்து லேகியம் வாங்கப் போய்விடுவார்கள்.

சொல்லுக்குள் என்னென்ன அடங்க வேண்டும் என்பதையும் பாருங்கள். ஆசை குறைவது, கிளர்ச்சி வராதது, விறைப்பு தளர்வது, விந்து முந்துவது, உச்சம் எட்டாதது, உறவின்போது வலி. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அவருக்கே அது வேதனை தர வேண்டும் என்கிறது. என்றோ ஒரு நாள் இரவு நடக்காமல் போனதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாடு, ‘உடல் காரணம், மனக் காரணம்’ என்ற பழைய பிரிவையே எடுத்துவிட்டு, இதைப் பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறது. அதனால் ‘மனக்கோளாறு’ என்ற வாடையும் சொல்லில் வரக் கூடாது.

உங்கள் வாசகர்கள் சர்க்கரைக்காரர்கள். சர்க்கரை நரம்பையும் கெடுக்கும், ரத்தக் குழாயையும் கெடுக்கும். ஆண்குறிக்குப் போகும் குழாய் இதயக் குழாயைவிட மெல்லியது. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியலாம். விறைப்பு தளர்ந்தவருக்கு மாத்திரை எழுதும் முன் பிரஷரையும் கொழுப்பையும் பார்ப்பது அதனால்தான். காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்றும் கேட்போம். வந்தால் குழாயும் நரம்பும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று பொருள். சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், புகை, குடி எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். குடி என்றதும், எங்கள் கடலூர்க்காரர்கள் பாலம் தாண்டி உங்கள் புதுச்சேரிக்கு எதற்கு வருகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் பரிந்துரை: பாலுறவு இடர்ப்பாடு.
– மருத்துவர், மஞ்சக்குப்பம்

டாக்டர் சார், ‘பாலியல்’ என்பதை நீங்கள் தவிர்த்தது நல்லது. செய்தித்தாளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் தொல்லை அல்லது வன்கொடுமை என்றுதான் வருகிறது. ‘பாலியல் கோளாறு’ என்று எழுதினால் குற்றம் சாட்டியது போல் ஆகிவிடும்.

ஆனால் இடர்ப்பாடு என்றால் எங்கள் வார்டில் ஒருவருக்கும் புரியாது. பெண்கள் இதற்குப் பெயரே சொல்வதில்லை. ‘வலிக்குது’, ‘வறண்டு போச்சு’, ‘அந்த நினைப்பே வர்றதில்ல’, அவ்வளவுதான். அதையும் நாம் கேட்டால்தான் சொல்வார்கள். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருப்பது தெரியாமல் வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள். இடுப்புத் தசை இறுகி உறவே முடியாமல் போனால் ‘ஒத்துழைக்க மாட்டேங்கிறா’ என்று வீட்டில் பேச்சு. தசையைத் தளர்த்தப் பயிற்சி இருக்கிறது, மெதுவாகப் பழக்கினால் சரியாகும். ‘தாம்பத்தியப் பிரச்சினை’ என்று போட்டால் இவர்களுக்குப் புரியும்.
– செவிலியர், அரியாங்குப்பம்

தாம்பத்தியம் என்றால் கல்யாணம் ஆகாதவர், கணவரை இழந்தவர் எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். மாமியார் சண்டையும் உள்ளே வந்துவிடும். ‘பாலுறவுச் சிக்கல்’ என்று வையுங்கள்.
– தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, சிக்கல் என்றால் கணவன் மனைவி தகராறு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?
– மருத்துவர், மஞ்சக்குப்பம்

மலச்சிக்கலை யாராவது தகராறு என்று எடுத்துக்கொண்டார்களா டாக்டர்? உடம்பில் வரும், காரணம் இருக்கும், வைத்தியம் பார்த்தால் விலகும். ஆண் பெண் பேதமும் கிடையாது. ‘சிக்கல்’ ஏற்கெனவே மருத்துவத் தமிழ்தான்.
– தமிழாசிரியர்

சிரித்துவிட்டேன் ஐயா. ஒப்புக்கொள்கிறேன். பொதுப்பெயர் பாலுறவுச் சிக்கல். உட்பிரிவுகள்: ஆசைக் குறைவு, கிளர்ச்சிக் குறைவு, விறைப்புத் தளர்ச்சி, விந்து முந்துதல், உச்சம் எட்டாமை, உறவு வலி.
– மருத்துவர்

அப்படியே போடுகிறேன். ‘சென்சேட் ஃபோகஸ்’ என்றொன்றும் வருகிறது. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலுறவு ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த முறை. உறவை ஒத்திவைத்துவிட்டு, பதற்றமில்லாமல் தொடுவதை மட்டும் தம்பதிகள் படிப்படியாகப் பழகுவது. ‘தொடுகைப் பயிற்சி’ சரியா?
– மொழிபெயர்ப்பாளர்

சரிதான் தம்பி. ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர்கள், விறைப்புத் தளர்ச்சிக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரையை எடுக்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதைத் தனிக் கட்டத்தில், பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.
– செவிலியர், அரியாங்குப்பம்