கேபிள் டிஸ்க் பிரேக்கை மாற்றுவதற்கு முன்

தம்பி: மாமா, வணக்கம். நம் குடும்பக் குழுவிலேயே எழுதிக் கேட்கிறேன். என் மலைச் சைக்கிளில் இருப்பது கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக். கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கங்களில் லீவரை ஹேண்டில்பார் வரை இழுத்தாலும் வண்டி நினைத்த இடத்தில் நிற்பதில்லை. கூட ஓட்டும் நண்பர்கள் ஹைட்ராலிக்குக்கு, அதாவது திரவத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கு, மாறிவிடச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா, இதையே சரிசெய்து ஓட்ட முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாமா: மாப்பிள்ளை, அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே. முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, பின் பிரேக்கை நன்றாக இறுக்கிப் பிடித்தபடி இரண்டு இடங்களைக் கவனி. லீவரிலிருந்து காலிப்பர் (சக்கரத்தின் அருகே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வரை போகும் கேபிள் அவுட்டர், அதாவது கேபிளை மூடியிருக்கும் உறைக்குழாய், அசைகிறதா? காலிப்பரின் மேல் கேபிளைக் கவ்வியிருக்கும் சிறிய கை எவ்வளவு தூரம் நகர்கிறது?

தம்பி: பார்த்துவிட்டேன் மாமா. அந்தக் கை கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடுகிறது. அதன் பிறகும் லீவர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அவுட்டர் வளைந்திருக்கும் இடத்தில் நெளிவது கண்ணுக்கே தெரிகிறது.

மாமா: நான் எதிர்பார்த்தது அதுதான். கேபிள் டிஸ்க் பிரேக்கைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் அவுட்டரைத்தான் குறை சொல்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. சாதாரண பிரேக் அவுட்டருக்குள் தட்டையான கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். நீ லீவரை அழுத்தும்போது அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கி அவுட்டர் நீளத்தில் குறுகுவதால், உன் விரல் கொடுத்த இழுப்பில் ஒரு பங்கு பேடு (உரசி நிறுத்தும் கட்டை) வரை போய்ச் சேராமலே வீணாகிவிடுகிறது. பேடுக்கும் ரோட்டாருக்கும் (சக்கரத்தோடு சுழலும் உலோக டிஸ்க்) இடையே மயிரிழை இடைவெளியே இருக்கும் இந்த வகைப் பிரேக்கில், கேபிள் அவ்வளவு சிறிய தூரம் வீணானாலும் கையில் தெரியும். பின் சக்கரத்துக்குப் போகும் அவுட்டர் நீளமானது என்பதால் அங்கே குறை இன்னும் கூடுதலாகத் தெரியும்.

இதற்கென்றே அமுங்காத பிரேக் அவுட்டர் விற்கிறது. அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அவற்றின் மேல் வலுவூட்டும் ஓர் அடுக்கு இருக்கும். ஜாக்வயர், யோகோசூனா போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. லீவரிலிருந்து காலிப்பர் வரை நடுவில் எங்கும் வெட்டாமல் ஒரே துண்டாகப் போட்டால், சேறும் தண்ணீரும் உள்ளே புகும் வழியும் குறைந்துவிடும்.

அக்கா: மாமா, கியர் கேபிளின் அவுட்டரிலும் கம்பிகள் நீளவாக்கில்தானே இருக்கின்றன? என்னிடம் மிச்சமாக ஒரு சுருள் இருக்கிறது, அதைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?

மாமா: கூடவே கூடாது மருமகளே. கியர் அவுட்டரின் கம்பிகளை வெறும் பிளாஸ்டிக் உறைதான் பிடித்துவைத்திருக்கிறது. கியரை மாற்றும் அளவு விசைக்குத்தான் அது தாங்கும். பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் விசையில் அந்த உறை கிழிந்து கம்பிகள் வெளியே பிதுங்கினால், அந்த நொடியிலேயே பிரேக் இல்லாமல் போய்விடும். வாங்கும் அவுட்டர் பிரேக்குக்கென்று செய்யப்பட்டதா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

அம்மா: அண்ணா, படிக்கவே பயமாக இருக்கிறது. ஹைட்ராலிக் போட்டுவிட்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை அல்லவா?

மாமா: தங்கச்சி, உன் பயம் நியாயமானது, அதனால் மறைக்காமல் சொல்கிறேன். ஹைட்ராலிக்கில் விசையைக் கடத்துவது திரவம். அது அமுங்காது, ஒரே விரலால் பிடித்தாலும் போதும், பேடு தேயத் தேயத் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். செங்குத்தான நீண்ட இறக்கங்களில்தான் இவன் பெரும்பாலும் ஓட்டுகிறான் என்றால், விரலும் முன்கையும் களைத்துப் பிடி தளர்வதைத் தவிர்ப்பதற்காகவே ஹைட்ராலிக்குக்கு மாறச் சொல்வேன். ஆனால் ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதைகளுக்கும், உதவி கிடைக்காத தொலைவுகளுக்கும், நன்றாகச் சரிசெய்த கேபிள் பிரேக் தாராளமாகப் போதும். நடுக்காட்டில் குழாய் கிழிந்து திரவம் ஒழுகினால் அந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கேபிள் அறுந்தாலோ, பையில் ஒரு மாற்றுக் கேபிளும் ஓர் ஆலன் கீயும் இருந்தால் மாட்டிவிடலாம். திரவம் இல்லாததால் கொதித்துப் போகும் ஆபத்தும் இதில் இல்லை. ஆனாலும் விடாமல் உரசினால் பேடு சூடேறிப் பிடி குறைவது இரண்டு வகைக்கும் பொது.

தம்பி: பேடு தேயும்போது நான் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் கேபிள் திருகைச் சுற்றித்தான் இறுக்கி வருகிறேன் மாமா. அது சரிதானே?

மாமா: உன் வண்டியின் இரண்டாவது குறை அங்கேதான் இருக்கிறது, இதைப் பொறுமையாகப் படி. பெரும்பாலான கேபிள் காலிப்பர்களில் வெளிப்பக்கப் பேடு மட்டும்தான் நகரும். அது ரோட்டாரைத் தள்ளிச் சற்றே வளைத்து, அசையாமல் நிற்கும் உள்பக்கப் பேடின் மேல் அழுத்துகிறது. தேய்மானத்தைக் கேபிளை இறுக்கியே சமாளித்தால், காலிப்பர் கை தன் ஓட்டத்தில் பாதியைத் தாண்டிய நிலையிலிருந்தே புறப்படும். கடைசியில் காலிப்பரின் உடம்பில் முட்டி நின்றுவிடும். நீ எவ்வளவு இழுத்தாலும் அந்த விசை பேடுக்குப் போகாது. கை நின்றுவிடுகிறது என்று நீ எழுதியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே கேபிளைத் தளர்த்தி, கையை அதன் தொடக்க நிலைக்குக் கொண்டு வா. பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, உள்பக்கப் பேடின் திருகை மெல்ல மெல்ல உள்ளே திருப்பு. ரோட்டார் லேசாக உரசும் சத்தம் காதில் விழுந்ததும், சத்தம் மறையும் வரை மட்டும் பின்னால் திருப்பி நிறுத்து. அவிட் நிறுவனத்தின் பிபி7 காலிப்பரில் இரண்டு பக்கமும் சிவப்புக் குமிழ்கள் இருப்பதால் இதைக் கையாலேயே செய்துவிடலாம். பிபி5 காலிப்பரில் உள்பக்கம் மட்டும்தான் அப்படிச் சரிசெய்ய முடியும். டிஆர்பி நிறுவனத்தின் ஸ்பைக் போன்றவற்றில் இரண்டு பேடும் சேர்ந்தே நகரும் என்பதால் ரோட்டார் வளைய வேண்டியதில்லை, அதனால் அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அக்கா: லீவரும் பொருந்த வேண்டும் என்று படித்திருக்கிறேன் மாமா.

மாமா: சரியாகச் சொன்னாய். மலைச் சைக்கிளின் கேபிள் காலிப்பர்கள் பொதுவாக வி-பிரேக் (சக்கர விளிம்பை இரு கைகளால் கவ்வும் பிரேக்) லீவரின் நீண்ட இழுப்புக்காகச் செய்யப்பட்டவை. சாலைச் சைக்கிள் லீவரை அதனோடு சேர்த்தால் போதிய கேபிள் இழுபடாமல் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும்.

தம்பி: என் லீவர் வி-பிரேக் வகைதான், அதில் பிரச்சினை இல்லை. ரோட்டாரின் விட்டம் இப்போது 160 மில்லிமீட்டர். பெரிதாக்கலாமா மாமா?

மாமா: முன்பக்கத்தில் மட்டும் 180 போடு. அதே விரல் விசைக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் நிறுத்தும் திறன் கிடைக்கும். ஆனால் உன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) எந்த அளவு வரை அனுமதிக்கிறது என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்த பிறகே வாங்கு. காலிப்பரைப் பொருத்த அதற்கேற்ற இடைத்துண்டும் (அடாப்டர்) தேவைப்படும். சில ரோட்டார்களில் ரெசின் (பிசின் கலவை) பேடு மட்டும் பயன்படுத்தவும் என்று பொறித்திருப்பார்கள், அவற்றோடு மெட்டல் பேடைச் சேர்க்கக் கூடாது. சேறும் மழையும் உள்ள பாதையில் மெட்டல் பேடுதான் நீடித்து உழைக்கும்.

தம்பி: அவுட்டரையும் முன் ரோட்டாரையும் மாற்றி, பேடுகளும் புதிதாகப் போட்டு, நீங்கள் சொன்னபடியே திருகுகளைச் சரிசெய்துவிட்டேன் மாமா. லீவர் இப்போது பாதி வழியிலேயே கெட்டியாக நிற்கிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் பிடி இன்னும் முழுதாக வரவில்லை.

மாமா: புதிய பேடும் ரோட்டாரும் பழகும் வரை அப்படித்தான் இருக்கும். போக்குவரத்து இல்லாத சமதளத்தில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடைவேகம் வரும் வரை ஒரே சீராகப் பிடித்து விடு. இதை ஓர் இருபது முறை செய். ரோட்டாரை வெறும் விரலால் தொடாதே, சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது அதன் மேல் துளிகூடத் தெறிக்கவிடாதே. எண்ணெய் குடித்த பேடை மீட்பது அரிது.

அம்மா: இறக்கத்துக்கு எப்போது போகலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணா.

மாமா: பழக்கி முடித்ததும் முதலில் ஒரு சிறிய இறக்கத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். புதிய கேபிள் தொடக்கத்தில் சற்றுத் தளரும் என்பதால், திரும்பி வந்ததும் கேபிளைக் கவ்வும் போல்ட், காலிப்பர் போல்ட்கள், ரோட்டாரின் ஆறு போல்ட்கள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சரிபார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு மாப்பிள்ளை. காலிப்பர் கை எந்த நிலையில் நிற்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.