மான்ட்கோமரி கவுன்ட்டியின் வீட்டுவசதி ஆணையம்: அருகிலிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஜெர்மன்டவுனிலிருந்து:

எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆணையத்துக்குச் சொந்தமான வீடுகளும் உள்ளன என்பதைக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், உரிமையாளர் பட்டியலை வாசித்தபோதுதான் அறிந்தேன். எச்.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்த வீட்டுவசதி வாய்ப்புகள் ஆணையமும் எங்களைப் போலவே மாதச் சந்தா கட்டும் ஓர் உறுப்பினர். கூர்ந்து பார்த்தால் அகலம் சற்றுக் குறைவாகத் தெரியலாமே தவிர, அவ்வீடுகளைத் தெருவிலிருந்து அடையாளம் காண முடிவதில்லை. அது தற்செயல் அன்று, சட்டத்தின் நோக்கமே அதுதான்.

வாஷிங்டன் நகரை ஒட்டிய இந்த மேரிலாண்ட் கவுன்ட்டியில் 1939-லேயே ஒரு வீட்டுவசதி அமைப்பு உருவாகிவிட்டது. ஆயினும் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது 1974-ல். அதற்கு முந்தைய ஆண்டு, மகளிர் வாக்காளர் கழகம் போன்ற அமைப்புகள் நெடுங்காலம் வலியுறுத்தி வந்த ஒரு சட்டத்தைக் கவுன்ட்டி மன்றம் நிறைவேற்றியது. நிர்வாகத் தலைவர் ஜேம்ஸ் கிளீசன் அதை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியபோதும், மன்றம் அம்மறுப்பை மீறிச் சட்டமாக்கியது. அதன்படி அப்போது, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டும் நிறுவனம் அவற்றில் 15 விழுக்காட்டை மிதமான வருவாய் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒதுக்க வேண்டியிருந்தது. ஈடாக, அந்நிலத்துக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிடக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றில் மூன்றிலொரு பங்கு வரை ஆணையமே வாங்கிக்கொள்ளலாம் என்ற பிரிவைத்தான் நான் அச்சட்டத்தின் உயிர்நாடி என்பேன்.

ஏனென்றால், தனியாருக்கு விற்ற வீடுகளின் விலைக்கட்டுப்பாடு தொடக்கத்தில் ஐந்தே ஆண்டுகள், 1981-க்குப் பிறகு பத்து ஆண்டுகள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அத்திட்டத்தில் வாங்கிய வீட்டைக் கெடு முடிந்ததும் சந்தை விலைக்கு விற்றது. கூடுதல் லாபத்தில் பாதி கவுன்ட்டி நிதிக்குப் போனது உண்மைதான். ஆனால் அவ்வீட்டை இனி ஒரு பேருந்து ஓட்டுநர் கனவிலும் வாங்க முடியாது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, சட்டம் அனுமதித்ததையே செய்தார்கள். இப்படி வீடுகள் ஆயிரக்கணக்கில் கைநழுவிய பின்னர், 2005-ல்தான் விற்பனை வீடுகளுக்கு 30 ஆண்டுகளும் வாடகை வீடுகளுக்கு 99 ஆண்டுகளும் கட்டுப்பாடு என மாற்றினார்கள். இடைப்பட்ட காலத்தில் நிலைத்து நின்றவற்றுள் ஆணையம் வாங்கி வைத்திருந்த வீடுகளே முக்கியமானவை.

கெய்தர்ஸ்பர்க்கிலிருந்து:

தொடக்கப்பள்ளி ஒன்றில் வாசிப்புக்குத் துணைபுரியும் தன்னார்வலராக இருக்கிறேன். எந்தக் குழந்தை ஆணையத்தின் வீட்டிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. கல்வி ஆய்வாளர் ஹெதர் ஷ்வார்ட்ஸ் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, குலுக்கல் முறையில் ஆணைய வீடுகளைப் பெற்ற குடும்பங்களின் ஏறத்தாழ 850 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. வறுமை மிகுந்த பள்ளிகளுக்குக் கவுன்ட்டி கூடுதல் நிதி ஒதுக்கியிருந்தும், வறுமை குறைந்த பள்ளிகளில் சேர நேர்ந்த பிள்ளைகளே சில ஆண்டுகளில், குறிப்பாகக் கணக்கில், தெளிவாக முன்னேறியிருந்தனர். எங்கே வசிக்கிறோம் என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் முடிவு செய்ததால்தான் இந்த ஒப்பீட்டை நம்ப முடிகிறது.

ராக்வில்லிலிருந்து:

ஷேடி குரோவ் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் 2023-ல் திறக்கப்பட்ட லோரியட் குடியிருப்பில், நண்பர் ஒருவர் சந்தை வாடகை கொடுத்து வசிக்கிறார். நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் கொண்ட அந்த 268 வீட்டுக் கட்டடத்தில் பெரும்பங்கு உரிமை எச்.ஓ.சி. என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஏறத்தாழ 30 விழுக்காடு வீடுகள் குறைந்த வாடகைக்கு உரியவை.

இதன் பின்னாலுள்ள நிதி ஏற்பாடு கவனிக்கத்தக்கது. கட்டுமானக் காலத்தில் தனியார் முதலீட்டாளர்கள் போடும் பணத்துக்கு மிக உயர்ந்த லாபத்தை எதிர்பார்ப்பார்கள். அந்த இடத்தில் கவுன்ட்டியே குறைந்த வட்டிக்குப் பணம் தருகிறது. கட்டடம் எழுந்து வாடகை வரத் தொடங்கிய பின் நீண்டகாலக் கடன் பெற்று அப்பணம் திருப்பித் தரப்படுகிறது, அதுவே அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. 2021-ல் ஐந்து கோடி டாலருடன் தொடங்கிய இந்தச் சுழல்நிதி அடுத்த ஆண்டே இரட்டிப்பாக்கப்பட்டது. சந்தை வாடகை கட்டும் என் நண்பரின் பணமும் அண்டை வீட்டாரின் குறைந்த வாடகையைத் தாங்குவதில் பங்கு வகிக்கிறது. அதைக் கேட்டு அவர் முதலில் முகம் சுளித்தார். பக்கத்துத் தனியார் குடியிருப்பின் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெத்தெஸ்டாவிலிருந்து:

மேலே எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் உரிமை ஆணையத்திடம் இருப்பதே நல்லது என்று பொதுவாகச் சொல்வதற்கு முன், ரிவர் ரோட்டை ஒட்டிய வெஸ்ட்வுட் டவரையும் பார்க்க வேண்டும். ஆணையத்துக்குச் சொந்தமான அந்தக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கீழே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1960-களில் கட்டடம் எழுந்தபோது, ஆணையத்தின் கைக்கு வருவதற்கு முன்பே, அது மூடப்பட்டுவிட்டது. 2021-ல் ஆணையம் அந்தச் சொத்தை விற்க முனைந்தபோது, அடக்கம் செய்யப்பட்டோரின் வழித்தோன்றல்களும் அவர்களுடன் நின்ற அமைப்பினரும் வழக்குத் தொடுத்துத் தடை பெற்றார்கள்; வழக்கு மேரிலாண்ட் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழியாகப் போகும்போதெல்லாம் பதாகைகளுடன் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுவசதிக்கான பணம் வேண்டும் என்பதற்காகப் புதைநிலத்தை விலைபேச முற்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுச் சொத்தை விற்பதா என்பதை, மன்றம் ஏற்க நிர்வாகத் தலைவர் நியமிக்கும் ஏழு ஆணையர்கள் மட்டும் முடிவு செய்தால் போதுமா என்ற கேள்விக்கு அந்த வழக்கும் விடை தந்துவிடவில்லை.