புயலுக்குப் பிந்தைய கூரை வேலை: உள்ளூர் ஒப்பந்ததாரரா, வெளியாளா?

கடலோரவாசி:
ஃபுளோரிடாவின் பிக் பெண்ட் கடற்கரையை 2023 ஆகஸ்டில் இடாலியாவும், 2024 ஆகஸ்டில் டெபியும், அடுத்த மாதமே ஹெலினும் தாக்கின. பதின்மூன்று மாதங்களுக்குள் மூன்று சூறாவளிகளைக் கண்ட எங்கள் சிற்றூரில், ஒவ்வொரு முறையும் காற்று அடங்கிய மறுநாளே வெளிமாநில எண் கொண்ட பிக்கப் வண்டிகள் தெருத்தெருவாக நுழைந்துவிடுகின்றன. கூரையை இலவசமாகப் பார்த்துத் தருவதாகவும், இன்சூரன்ஸ் டிடக்டிபிளை (நாம் கைப்பணத்தில் கட்ட வேண்டிய பங்கை) தாங்களே ஏற்றுக்கொள்வதாகவும் சொல்லி, வாசலிலேயே கையெழுத்துக் கேட்கிறார்கள். டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்வதே இம்மாநிலத்தில் சட்டவிரோதம். எத்தனை மாதம் ஆனாலும் உள்ளூர் ஆளுக்காகக் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. நாளை கூரை ஒழுகினால் அவர் நம் கண்ணில் படாமல் இவ்வூரில் நடமாட முடியாது.

ஏணிப்படி:
மன்னிக்கவும் நண்பரே, இதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற முறை எங்கள் ஊர் ஒப்பந்ததாரர் எட்டு மாதம் கழித்துத்தான் வர முடியும் என்றார். அதுவரை கூரையை மூடியிருந்த நீலத் தார்ப்பாயோ இரண்டே மாத வெயிலில் நாராகக் கிழிந்துவிட்டது. மேலும் சேதம் பரவாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும்போது, காத்திருந்ததால் நனைந்த சுவருக்கு யார் பணம் தருவார்கள்?

இன்னொன்றையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒருமுறை, இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவர், "நமக்குள் பெர்மிட் எதற்கு" என்று சொல்லி, அரசின் கட்டட அனுமதி எடுக்காமலே ஒரே வாரத்தில் கூரையை மாற்றிக் கொடுத்தார். பிறகு நான் பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தபோது, ராஃப்டரில் (கூரைப் பலகையைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தில்) இறங்கியிருக்க வேண்டிய ஆணிகள் ஒரு வரிசை முழுவதும் அதை விட்டு விலகி, பலகையைத் துளைத்துக்கொண்டு பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவரை வாரந்தோறும் பார்க்கிறேன். அவரும் சிரித்தபடி தலையசைத்துவிட்டுப் போகிறார்.

கடலோரவாசி:
அது உள்ளூர்க்காரர் என்பதால் வந்த கேடு அன்று, பெர்மிட் இல்லாததால் வந்தது. பெர்மிட் எடுத்து, பலகையை ஷிங்கிள் (மேலே வேயும் கூரை வில்லைகள்) மூடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வந்திருந்தால் அந்த வரிசை அன்றே பிடிபட்டிருக்கும். பெர்மிட் வேண்டாம் என்றபோது தாங்களும் தலையாட்டினீர்கள் அல்லவா?

ஏணிப்படி:
ஆட்டினேன், மறுக்கவில்லை. நான் சொல்வதும் அதுவே: ஊர்ப்பெயர் ஆணியை நேராக அடிப்பதில்லை. மாநில உரிம எண்ணை இணையத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். உரிமம் செல்லுபடியாகி, பெர்மிட் அவர் பெயரில் எடுக்கப்பட்டு, பணம் ஆய்வு முடிய முடியக் கொடுக்கப்படுமானால், அவர் மியாமியிலிருந்து வந்தாலும் எனக்குச் சம்மதமே.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒப்பந்ததாரருக்கு நீங்கள் முழுத்தொகையைக் கொடுத்திருந்தாலும், அவர் ஷிங்கிள் விற்ற கடைக்கோ துணை ஒப்பந்ததாரருக்கோ பாக்கி வைத்தால், அவர்கள் உங்கள் வீட்டின்மீதே உரிமைக்கோரிக்கை பதிய ஃபுளோரிடா சட்டம் இடம்தருகிறது. எனவே ஒவ்வொரு தவணையின்போதும் அவர்களிடமிருந்து பாக்கியில்லை என்ற விடுவிப்புப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் பத்து விழுக்காட்டைத் தாண்டினால், ஒப்பந்ததாரர் முப்பது நாள்களுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் சட்டம். அவசரத்தில் பாதித் தொகையை எண்ணிக் கொடுப்பவர்கள் விண்ணப்பித்தாயிற்றா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். வருத்தம் என்னவென்றால், நானும் அவர்களில் ஒருவன்.

கடலோரவாசி:
விடுவிப்புப் பத்திரம் பற்றி எனக்கு இதுவரை தெரியாது, நன்றி ஐயா. ஆனாலும் என் நிலை பெரிதாக மாறவில்லை: உத்தரவாதத்தை நிறைவேற்ற ஆள் திரும்பி வர வேண்டும், முந்நூறு மைல் தொலைவில் இருப்பவர் ஒரு சிறு ஒழுக்குக்காக வரமாட்டார். ஏணிப்படி சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்கிறேன். புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. எங்கள் ஊர்க்காரரிடம் ஏப்ரலிலேயே பேசி, பெர்மிட் எடுப்பாரா என்பதை முதல் கேள்வியாகக் கேட்கப்போகிறேன்.