மாமரத்தடியில் நின்ற லாண்ட் மாஸ்டர்: எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, கொட்டிலில் வைத்தே பார்க்கலாமா?

வட்டக்கச்சிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 12 குதிரைவலு சீன லாண்ட் மாஸ்டர் (நடந்துகொண்டே ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மெசின்) ஒன்று நிற்கிறது, 195 என்கிற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். மீளக் குடியேறி வந்த பிறகு 2011 இல் அப்பா வாங்கியது. 2018 இல் அவருக்குக் கால் ஏலாமல் போக மாமரத்துக்குக் கீழே விட்டதுதான், பிறகு யாரும் தொடவில்லை. மேலே ஒரு தகரம் போட்டிருந்தோம், புகைக்குழாய் வாயை மூடத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்றபோதே இதை எழுப்பியிருக்க வேண்டும். நாலு சில்லுப் பெரிய மெசினை விட இது எவ்வளவோ குறைவாகத்தானே குடிக்கும்.

இப்போது ஹான்டில் போட்டால் ஒரு நூல்கூட அசையவில்லை. நானும் மச்சானும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம், வண்டிதான் எழும்புகிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் வெள்ளையாகப் பட்டை பிடித்திருக்கிறது (எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலிலேயே அப்படித்தான் படியும்). டீசல் டாங்கியில் கறுப்புக் களி.

என்னிடம் ஒரு தகரக் கொட்டில், பைஸ், சின்னக் கிரைண்டர், ரிங் சாவி ஒரு செட், வெல்டிங் பிளாண்ட் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் இரண்டு பிரித்துப் பூட்டியிருக்கிறேன், டீசலில் கை வைத்ததில்லை. டவுனில் ஒரு கராஜில் கேட்டால் வந்து பார்க்காமலே முழுதும் பிரிக்கவேணும், லைனர் (பிஸ்டன் ஓடுகிற உள்குழாய்), பிஸ்டன் எல்லாம் புதிது போடவேணும் என்கிறார்கள். காலபோகத்துக்கு (மாரி நெல் விதைப்புக்கு) முன்னம் இதை நானே எழுப்பலாமா?

சந்திக்கடை:
தம்பி, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வாடகைக்குப் பிடித்து உழு. நான் ஒன்றை இப்படித்தான் ஒரு வருசம் நோண்டினேன், கடைசியில் மிஞ்சினது பின்னால் இழுக்கிற பெட்டி மட்டும்தான்.

குளக்கட்டு:
இரும்புக்குப் போட அவசரம் ஒன்றும் இல்லை. தம்பி, ஹெட்டில் (சிலிண்டர் மூடியில்) கை வைக்க முதல் பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிளைவீலை ஆட்டிப் பார். வருடக்கணக்காக நின்ற வண்டியில் கிளச் தட்டு ஒட்டிக்கொள்ளும், கியரும் விழுந்திருந்தால் நீ ஹான்டிலில் தொங்குவது சில்லுகளை உருட்டத்தான். பெல்ட் இல்லாமலும் அசையாவிட்டால்தான் எஞ்சின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி என்றால் பெரும்பாலும் புகைக்குழாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, வால்வ் திறந்து நின்ற நேரம் சிலிண்டருக்குள் போய் ரிங்கும் லைனரும் துருவால் ஒட்டியிருக்கும். டீசல் பீச்சுகிற நொசிலைக் கழற்றி எண்ணெய் விடு என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் இது சிலிண்டர் கிடையாகப் படுத்த எஞ்சின். நீ விடுகிற எண்ணெய் கீழ்ப்பக்கத்தில்தான் தேங்கும், மேல்பாதி காய்ந்தபடியே கிடக்கும், பிறகு ஒரு கிழமை ஊறவிட்டேன் அசையவில்லை என்று வந்து எழுதுவாய். எஞ்சினைச் சேஸியிலிருந்து இறக்கி ஹெட் பக்கம் மேலே பார்க்க நிமிர்த்தி வை. இரண்டு பேர் தூக்குகிற பாரம் இல்லை, கப்பி கட்டு. ஹெட்டைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிஸ்டனுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்பி நாலைந்து நாள் விடு. மட்டம் இறங்குகிறதா என்று தினமும் பார், இறங்கினால் ரிங்கைத் தாண்டிப் போகிறது என்று நினை, நல்ல செய்தி. கீழே போனது ஒயிலோடு கலக்கும், அதனால் பழைய ஒயிலை முழுதும் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதே.

பிறகு முதிரைக் கட்டை ஒன்றை லைனருக்குள் போகிற அளவுக்கு உருட்டிச் சீவி, பிஸ்டனில் வைத்து மெதுவாகத் தட்டு. சம்மட்டியை நேராகப் போட்டாயோ, அலுமினியம், போச்சு. மற்றவர் பிளைவீலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கவேணும். ஒரு பக்கம் அசைந்தால் விடாமல் திருகாதே, திரும்பி வா, பிறகு போ.

அசைந்த பிறகு லைனரில் விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பார். நகம் மாட்டுகிற குழி இருந்தால் லைனர் மாற்று, இல்லாவிட்டால் ரிங் செட் போதும். கராஜ்காரர் பார்க்காமல் சொன்னதை நீ பார்த்து முடிவு பண்ணு.

நெடுங்கேணி:
குளக்கட்டு அண்ணை சொன்னதோடு இரண்டு விசயம். லைனரை எடுத்தால் கீழே இருக்கிற இரண்டு றப்பர் வளையத்தையும் கட்டாயம் புதிது போடுங்கள். இது தண்ணீரில் நிற்கிற லைனர், வளையம் விட்டால் தண்ணீர் நேரே ஒயிலுக்குள் இறங்கும், டிப் குச்சியில் பால்தேத்தண்ணி நிறத்தில் வரும். வளையம் உட்காருகிற இடத்தில் அந்தச் சுண்ணாம்புப் பட்டை இருந்தால் எந்த வளையமும் நிற்காது, வினாகிரி விட்டு ஊறவைத்துச் சுரண்டுங்கள், கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள்.

மற்றது, ஆர்வத்தில் கியர் மூடியைத் திறக்க வேண்டாம். 195 இல் ஆட்டம் குறைக்க இரண்டு பாலன்ஸ் சாஃப்ட் இருக்கிறது, கியர் பற்களில் குறி போட்டிருப்பார்கள். குறி ஒரு பல் தவறிப் பூட்டினால் எஞ்சின் ஓடும், ஆனால் கொட்டிலே ஆடும். எனக்கு நடந்தது. மூன்று நாள் மவுண்ட் போல்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய மணல்வீதி:
நான் வயது போனவன், தட்டச்சு மெதுவாக வரும். பெயரைப் பற்றி ஒன்று: லாண்ட் மாஸ்டர் என்பது ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். பிறகு குபோட்டா வந்தது, சீனம் வந்தது, எங்களுக்கு எல்லாம் லாண்ட் மாஸ்டர்தான்.

தம்பி டீசல் பக்கத்தை மறந்துபோனீர். போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது வன்னியில் மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில்தான் ஓடியது, உழவு மெசினுக்கும் அதையே விட்டோம். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் டீசல் பம்புக்குள் தள்ளுகிற தண்டான பிளஞ்சருக்கு டீசலின் வழுவழுப்புத்தான் ஒயில், மண்ணெண்ணெய்க்கு அது போதாது, தேய்ந்துபோகும். அதனால் இப்போது கழுவுவதற்கு மட்டும் மண்ணெண்ணெய், ஓட்டுவதற்கு வேண்டாம். டாங்கியைக் கழற்றிக் கழுவிக் காயவிடும். அதுவரைக்கும் சேலைன் போத்தலில் நல்ல டீசல் விட்டு உயரத்தில் கட்டி, குழாயை நேரே பம்புக்குக் கொடும். குழாயில் நிற்கிற காற்றை எடுத்துவிட்டு, டிகம்ப்ரஷனை (சிலிண்டர் அமுக்கத்தை விடுகிற பிடியை) தூக்கிக்கொண்டு சுற்றினால் நொசில் ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச் என்று கத்தவேணும். கத்தாவிட்டால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வேலை இல்லை.

ஹான்டில் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையும். திருப்பி அடித்தால் கை முறியும், என் இடக்கையைப் பார்த்தால் தெரியும்.

வட்டக்கச்சிப் பெடியன்:
மிக்க நன்றி. பெல்ட் கழற்றிப் பார்த்தேன், எஞ்சின்தான். ஹெட்டைத் திறந்தால் எக்ஸோஸ்ட் வால்வ் பக்கம் செம்மண் நிறத்தில் துரு. நிமிர்த்தி வைத்து ஆறு நாள் ஊறவிட்டேன், முதல் மூன்று நாளும் மட்டம் அப்படியே நின்றது, நாலாம் நாள் அரை விரல் இறங்கியது. நேற்று இரவு கட்டை வைத்துத் தட்டினோம், மச்சான் பிளைவீலில். இருபது தட்டுக்கும் ஒன்றும் இல்லை, பிறகு டக் என்று ஒரு சத்தம், நான் கட்டைதான் பிளந்தது என்று நினைத்தேன். பிஸ்டன் ஒரு நூல் இறங்கியிருந்தது!

இன்று முழுச் சுற்றும் சுற்றுகிறது. ஆனால் லைனரில் ரிங் நின்ற இடத்தில் மூன்று குழி, நகம் மாட்டுகிறது. ஆகவே லைனர், ரிங், வளையங்கள். பிஸ்டன் பரவாயில்லை போல இருக்கிறது, நாளைக்கு அளந்து பார்க்கக் கொண்டுபோகிறேன்.

குளக்கட்டு:
நல்லது. ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வராமல் பூட்டு. ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மூன்று தடவையில் இறுக்கு. ஓடத் தொடங்கியதும் ஒயில் ஏறுவதைக் காட்டுகிற, மேலே இருக்கிற சிவப்புப் பொட்டு எழும்புகிறதா என்று பார், எழும்பாவிட்டால் உடனே நிறுத்து.

நெடுங்கேணி:
வயலுக்கு இறக்கும்போது ஒன்று கவனம், கனநாள் ஓட்டாத கை. வரம்பால் சரிவில் இறங்கும்போது கைப்பிடியில் இருக்கிற, திருப்புவதற்கான இடக் கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும், சமதரையில் திரும்புவதற்கு நேர்மாறு. சரிவில் கிளச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள்.

வட்டக்கச்சிப் பெடியன்:
சரி அண்ணை. லைனர் சனிக்கிழமை வருகிறது. அப்பா கதிரையை இழுத்துக் கொட்டில் வாசலில் போட்டுக்கொண்டு இருக்கிறார், நான் எந்தச் சாவியை எடுத்தாலும் அது இல்லை மற்றது என்கிறார். இன்று காலை எழுந்து பார்த்தால் கழற்றி வைத்த புகைக்குழாயின் வாயில் பால்மாப் பேணி ஒன்று கவிழ்த்திருக்கிறது. நான் வைக்கவில்லை.